கயிறு இழுக்காத வார்டு

"வலி என்பது ஒரு தயாரிப்புக் குறைபாடு. பிரேக் ஷூவில் கீறல் விழுவது எப்படியோ, குழந்தைக்கு வலிப்பதும் அப்படித்தான். கீறலை நான் பூஜ்யம் ஆக்கிக் காட்டியிருக்கிறேன். வலியையும் ஆக்குவேன். அடுத்த மார்ச் முப்பத்தொன்றுக்குள், உலகத்திலேயே வலி இல்லாத முதல் ஊர் எது என்று கேட்டால் ஒரகடம் என்று சொல்ல வேண்டியிருக்கும்."

இப்படி மைக்கில் சொன்னவர் சங்கரநாராயணன். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைக் குழந்தைகள் மருத்துவமனையில், புதிதாகத் திறந்திருக்கும் 'நாதசாந்தி இசைவழி வலிக்குறைப்பு மைய'த்தின் இயக்குநர். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். இசைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிரேக் பிடிக்கும்போது வரும் கிறீச் சத்தத்தை எட்டு டெசிபல் குறைத்ததற்காக வாங்கிய கேடயத்தைக் காட்டியிருப்பார்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெற்றோர் பதினெட்டுப் பேரும் கை தட்டினார்கள். எல்லோரும் தொழிற்சாலை லைனில் வேலை பார்க்கிறவர்கள். பேச்சு முடிந்தால் கை தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாதுகாப்பு விதி.

மூன்றாவது வரிசையில் இருந்தவர் இசக்கியப்பன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சுங்குவார்சத்திரத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் காருக்கு வயர் கட்டும் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் தங்கமாரிக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். மாதம் ஒரு முறை முதுகுத்தண்டில் மருந்து ஊசி போட வேண்டும். இறால் மாதிரி சுருண்டு படுத்து அசையாமல் இருந்தால் ஒரே குத்தில் முடிந்துவிடும். அசைந்தால் மறுபடி குத்த வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் நாலு பேர் அமுக்கிப் பிடித்தும் மூன்று குத்து. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டுக் குழந்தைகளும் அழுதன.

போன மாதம் டென்னிஸ் வந்தான். மணிமங்கலத்துக்காரன். இசை சிகிச்சை என்றே இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவன். கிடாரோடு தலைமாட்டில் உட்கார்ந்து, தங்கமாரி மூச்சு விடும் வேகத்துக்கு வாசித்தான். பிறகு வாசிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கினான், மூச்சும் மெதுவானது. கூடவே அவளையும் 'ம்ம்' போட வைத்தான். ஒரே குத்து.

அந்த ஒரே குத்துதான் சங்கதி. கேடயம், மார்ச் முப்பத்தொன்று, உலகம் இதெல்லாம் இசக்கியப்பனுக்கு வேண்டாம். அடுத்த மாத ஊசியும் ஒரே குத்தில் முடிய வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் போன மாதம் மையம் கிடையாது; டென்னிஸும் கிடாரும் மட்டுமே இருந்தார்கள். இப்போது மையம் வந்துவிட்டது.

"இன்னொரு விஷயம்" என்றார் சங்கரநாராயணன், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து. "சில பெற்றோர் என்ன பண்றாங்கன்னா, குழந்தை காதுல வாயை வச்சு 'ம்ம்ம்... ம்ம்ம்...'னு முணுமுணுக்கிறாங்க. அதைப் பாசம்னு நினைச்சுக்கிறாங்க. சுருதி உண்டா? அளவு உண்டா? பதிவேடு உண்டா? எங்க பழைய கம்பெனியில கம்ப்ரஸர் ரூம்லகூட அந்தச் சத்தம் வரும். கம்ப்ரஸர் பாசமாவா பண்ணுது?"

'ம்ம்ம்' என்று மறுபடி மைக்கில் செய்து காட்டினார். கூட்டம் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் சிரித்ததால் இசக்கியப்பனும் சிரித்தார்.

"இனி அது விதி ஏழு. வார்டில் அனுமதி பெறாத ஒலி எழுப்பக் கூடாது."

பின்னால் நின்ற மெர்சி சிஸ்டர் கையைத் தூக்கினாள். "சார், வலி தாங்காம புள்ளைங்க கத்துனா?"

"அது வேற படிவம்."

மறுநாள் ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும், ஊசி அறையிலும், ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது. தொழிற்சாலையிலிருந்து அப்படியே எடுத்து வந்த ஏற்பாடு. லைனில் ஏதாவது கோளாறு தெரிந்தால் தொழிலாளி தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே ஒரு மெட்டு ஒலிக்கும், விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் உதவிக்கு ஓடி வருவார். இங்கேயும் அதே. குழந்தைக்கு வலித்தால் இழுக்க வேண்டும், மெட்டு ஒலிக்கும், நான்கு நிமிஷத்துக்குள் இசை சிகிச்சையாளர் வந்து நிற்பார். சுவரில் படம் போட்டு எழுதியிருந்தது: 'தயங்காமல் இழுங்கள்.'

இதே வாசகம் இசக்கியப்பனின் கம்பெனியிலும் உண்டு. அதை நம்பி அவர் மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை இழுத்திருக்கிறார். சூப்பர்வைசர் ஓடித்தான் வந்தார். "எவன்யா இழுத்தது?" என்று நாற்பது பேருக்கு முன்னால் கேட்டார். அந்த மாதம் முழுக்க இசக்கியப்பனுக்கு ஓவர்டைம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு முறை கிளிப்பில் கட்டைவிரல் நசுங்கியபோதுகூட, அந்த வண்டிக்கு வயரைக் கட்டி முடித்து அனுப்பிவிட்டுத்தான் விரலைப் பார்த்தார். லைனில் அந்த மெட்டு கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். எவன் மாட்டினான் என்று பார்ப்பது மரியாதை இல்லை.

வார்டில் இருந்த பதினெட்டுக் குடும்பமும் இந்தப் பாடத்தை வெவ்வேறு கம்பெனிகளில் படித்தவை. ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. குழந்தைகளுக்கும் சொல்லிவைத்தார்கள். "அத மட்டும் தொட்ராத மக்கா, ஆளு வந்துருவாங்க" என்றார் இசக்கியப்பன்.

நர்ஸ் மேஜைக்கு மேலே ஒரு பலகை வந்தது. 'கயிறு இழுக்கப்படாத நாட்கள்: 3.' பிறகு 9. பிறகு 17. சங்கரநாராயணன் தினமும் காலையில் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள்.

வரப்போகும் வியாழக்கிழமை ஊசிக்கு இசை வேண்டும் என்று கேட்க, இசக்கியப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு மையத்தின் கவுண்டருக்குப் போனார். அங்கே தரவு அலுவலர் அண்ணாதுரை உட்கார்ந்திருந்தார். குன்றத்தூர்க்காரர், கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"பாப்பாக்குப் புடிச்ச மெட்டு இன்னா?"

"டென்னிஸ் தம்பி போன தடவ வாசிச்சாவல்லா, அதுதான் சார்."

"அது லிஸ்ட்ல இல்லியே. லிஸ்ட்ல மூணுதான் கீது. மழை, அருவி, விழிப்புணர்வு."

"விழிப்புணர்வுன்னா என்ன சார்?"

"கம்பெனி பாட்டுண்ணே. கையுறை போடு, கண்ணாடி போடுன்னு வரும். அதான் நெறைய பேரு எடுக்கறாங்க. மத்த ரெண்டும் லோடே ஆவ மாட்டேங்குது." அண்ணாதுரை தங்கமாரியின் பக்கம் குனிந்தார். "பாப்பா, ஊசி போட்டா எவ்ளோ வலிக்கும்? பூஜ்யத்துலேந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு பாக்கலாம்."

"ஒம்போது."

அண்ணாதுரை பேனாவைக் கீழே வைத்தார். "ஒம்போது வராதும்மா. எட்டு வரைக்கும்தான் சிஸ்டம் எடுக்கும். அதுக்கு மேல போனா அளக்குற கருவி ரிப்பேர்னு அர்த்தம்."

"கருவி எது சார்?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"பாப்பாதாண்ணே."

ரிப்பேரான கருவியை என்ன செய்வது என்பதற்கும் வழிமுறை இருந்தது. சிவப்பு வெல்வெட் பெட்டியிலிருந்து ஓர் எஃகுக் கிளிப் வந்தது. பெயர் 'நிலைக் கிள்ளு'. சான்றிதழோடு வாங்கியது. இதைக் கையில் மாட்டினால் வலி சரியாக நான்கு. வார்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் திங்கட்கிழமை தோறும் மாட்டப்படும். நான்கு என்று சொல்லாத குழந்தைக்கு, நான்கு என்று சொல்லும் வரை மாட்டப்படும்.

"எங் கையில மாட்டுங்க சார்" என்று இசக்கியப்பன் கையை நீட்டினார்.

"உங்களுக்கு வலிச்சா எங்களுக்கு இன்னாண்ணே பிரயோஜனம்?"

முதல் தடவை மாட்டியதும் தங்கமாரி "ஆறு" என்றாள். இரண்டாவது தடவை "அஞ்சு". மூன்றாவது தடவை கிளிப் கையில் படுவதற்கு முன்பே "நாலு, நாலு" என்றுவிட்டாள். அளவுத்திருத்தம் முடிந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டப் போனார்கள். கூட வந்திருந்த மெர்சி சிஸ்டர் முறைத்த முறைப்பில் சட்டையில் ஒட்டினார்கள்.

திரும்பி வரும்போது மெர்சி கேட்டாள். "இன்னாண்ணே நீ? புள்ளைய கிள்றாங்க, பாத்துகினு நிக்கிற?"

"என்னத்த செய்ய சிஸ்டர்? ஏதாவது சொல்லி, வியாழக்கெழம பாட்டு கெடையாதுன்னுட்டாங்கன்னா?"

மெர்சி தங்கமாரியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சிவந்திருந்த இடத்தில் களிம்பு தடவினாள்.

டென்னிஸுக்கு வேறு கவலை. அவன் இயக்குநர் அறைக்குப் போய் நின்றான்.

"சார், ஊசி போடுறது ரெண்டாவது மாடி. மியூசிக் ரூம் நாலாவது மாடியில இருக்கு."

"ஆமா. அங்கதான் சவுண்ட் புரூஃப் பண்ணியிருக்கோம்."

"ஊசி குத்தும்போது பக்கத்துல இருந்துதானே சார் வாசிக்கணும்?"

சங்கரநாராயணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "டென்னிஸ், நீங்க படிச்சவர். வலி வந்த இடத்துக்கு இசையைத் தூக்கிக்கிட்டுப் போனா அதுக்குப் பேர் ரீவொர்க், கெட்டதுக்கு அப்புறம் சரி பண்றது. முன்னாடியே குடுத்து அனுப்பினா பிரிவென்ஷன். பத்து மணிக்குக் குழந்தை நாலாவது மாடியில பன்னிரண்டு நிமிஷம் கேட்கும். கீழே இறங்கும். பதினொன்றரைக்கு ஊசி. அதுவரைக்கும் எஃபெக்ட் நிக்கணும். நிக்கலேன்னா குழந்தையில எங்கேயோ லீக்கேஜ் இருக்குன்னு அர்த்தம்."

"குழந்தையோட மூச்சைப் பாத்துப் பாத்து வாசிக்கணும் சார். ஒவ்வொரு குழந்தைக்கும் மூச்சு ஒவ்வொரு மாதிரி."

"அதுதான் இந்த ஆஸ்பத்திரியோட அடிப்படைப் பிரச்சினையே. அதை ஸ்டாண்டர்ட் பண்ண ஒரு கமிட்டி போட்டிருக்கேன்."

புதன்கிழமை பலகையில் 31 என்று விழுந்தது. கொண்டாடினார்கள். வார்டின் நடுவில் மேஜை போட்டு, கயிறு வடிவத்தில் கிரீம் பூசிய இரண்டு கிலோ கேக். வார்டில் இருந்த குழந்தைகள் யாரும் வெளி உணவைத் தொடக்கூடாது; கிருமி தொற்றினால் ஆபத்து. ஆகவே முகமூடி போட்ட பதினெட்டுக் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதிகாரிகள் சாப்பிட்டார்கள்.

"முப்பத்தொரு நாள்!" என்றார் சங்கரநாராயணன், மீசையில் கிரீமோடு. "முப்பத்தொரு நாளில் இந்த வார்டில் ஒரு குழந்தைக்கும் வலிக்கவில்லை!"

ஆறாம் கட்டிலில் செல்லக்கனி என்ற நாலு வயதுப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கயிறு இழுக்கப்படாததால் அது வலியில் சேராது. அண்ணாதுரை விழிப்புணர்வுப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார். சாப்பிட்டு முடித்தவர்கள், காகிதத் தட்டுகளை வைக்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, கட்டில்களின் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். தங்கமாரியின் கால்மாட்டில் மூன்று தட்டு. அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

வியாழக்கிழமை. தேசிய அளவில் விருது கொடுக்கும் குழு ஒன்று மையத்தைப் பார்க்க வந்திருந்தது. கோட்டுப் போட்ட மூன்று பேர். லிஃப்ட் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டதால், தங்கமாரியை இசக்கியப்பன் நாலாவது மாடிக்குப் படியில் தூக்கிக்கொண்டு போனார். தலையைவிடப் பெரிய ஹெட்ஃபோனில் பன்னிரண்டு நிமிஷம் அவள் கையுறை போட வேண்டியதன் அவசியத்தைக் கேட்டாள். படியிலேயே தூக்கிக்கொண்டு இறங்கினார். டென்னிஸ் மேலேயே இருக்க வேண்டும். அவன் இடம் அது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

பதினொன்றரை ஊசி, பன்னிரண்டு பத்துக்குத்தான் ஆரம்பித்தது. ஊசி அறைக்கு ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் விருதுக் குழு, சங்கரநாராயணன், அண்ணாதுரை. இந்தப் பக்கம் டாக்டர், முழங்காலை மடக்கிப் பிடித்திருக்கும் மெர்சி, தலைமாட்டில் இசக்கியப்பன்.

மரத்துப்போக மருந்து கொடுத்திருந்தார்கள். ஆனாலும் ஊசி உள்ளே இறங்கியபோது தங்கமாரி துள்ளினாள். ஊசி விலகியது.

"அசையக்கூடாதும்மா" என்றார் டாக்டர். "இன்னொரு தடவை போடணும். யாராவது அவளை அமைதிப்படுத்துங்க."

இசக்கியப்பன் குனிந்து மகளின் காதில் "ம்ம்ம்..." என்று ஆரம்பித்தார். அவளுடைய மூச்சு அதைக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியது. கண்ணாடியில் டக்டக்கென்று சத்தம். அண்ணாதுரையின் விரல் சுவரில் இருந்த விதி ஏழைக் காட்டியது. இசக்கியப்பன் நிறுத்தினார்.

"எப்பா, நிறுத்தாதப்பா. எப்பா."

மெர்சி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணே, கயிற இஸ்து வுடு. டென்னிஸாவது வரட்டும்."

இசக்கியப்பனின் கை பாதி வரை போய் நின்றது. "வேண்டாம் சிஸ்டர். பேரு கெட்டுரும்."

"யாரு பேருண்ணே?"

இசக்கியப்பன் திரும்பினார். மகளைப் பார்த்தார். கயிற்றை இழுத்தார்.

மெட்டு ஐந்து மாடிக்கும் கேட்டது. வார்டில் இருந்த பெற்றோர் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நாற்பது விநாடியில் சங்கரநாராயணன் அறைக்குள் இருந்தார், பின்னாலேயே அண்ணாதுரை. குழந்தையிடம் போகவில்லை. கயிற்றின் சுவிட்சைத் தேடி அணைத்தார்.

"யார் இழுத்தது?"

"நாந்தான் சார்."

சங்கரநாராயணனின் முகம் வெளுத்தது. கண்ணாடிக்கு அப்பால் மூன்று பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இருபத்தாறு வருஷ அனுபவம் கை கொடுத்தது. ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "இதுதான் எங்கள் முறையின் பலம். ஒரு குறை வந்தால் அந்த நிமிஷமே ஐந்து 'ஏன்' கேட்டு வேரைப் பிடுங்குவோம். அண்ணாதுரை, கூட்டிக்கிட்டுப் போங்க!"

"எம்புள்ள இங்க கெடக்கா சார். ஊசி போட்டு முடியட்டும், வந்துருதேன்."

"அஞ்சு கேள்விதாண்ணே. வா, வா" என்று அண்ணாதுரை தோளில் கை போட்டு வெளியே நகர்த்தினார். சங்கரநாராயணன் உள்ளேயே நிற்க, கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் மேஜை தயாராக இருந்தது. வேர் பிடுங்குவதைப் பார்க்க விருதுக் குழுவும் ஜன்னலை விட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

"ஏன் இழுத்தீங்க?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார் அண்ணாதுரை.

"வலிச்சுது சார்."

"ஏன் வலிச்சுது?"

"ஊசி குத்துனாங்க."

"ஏன் குத்துனாங்க?"

"புள்ளைக்கு நோவு சார். ரத்தத்துல."

"ஏன் அந்த நோவு வந்துச்சு?"

இசக்கியப்பன் சாத்திய கதவைப் பார்த்தார். எட்டு மாதமாக அவரும் அவர் மனைவியும் இதை ஒருவரையொருவர் கேட்காமல் தப்பித்து வந்திருக்கிறார்கள்.

"எதுனா சொல்லுண்ணே" என்றார் அண்ணாதுரை மெதுவாக. "காலியா வுட்டா சிஸ்டம் எடுக்காது."

"நீங்களே ஒண்ணு போட்டுக்கிடுங்க சார்."

அண்ணாதுரை வழக்கமாகப் போடுவதைப் போட்டார்: 'பயிற்சிக் குறைபாடு.' விருதுக் குழுவில் ஒருவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அதே நேரம் டென்னிஸ் கிடாரோடு படிகளில் ஓடி வந்து சேர்ந்தான். நான்கு நிமிஷம் நாற்பது விநாடி. நாற்பது விநாடி தாமதம். தாமதப் பதிவேட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடாமல் உள்ளே போக முடியாது. பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடினார்கள்.

அறைக்குள்ளே டாக்டர் புது ஊசியைப் பிரித்துவிட்டார். "இதுக்கு மேல காத்திருக்க முடியாது. மெர்சி, பிடிங்க."

மெர்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். "சார், தல பக்கம் வாங்க."

"நானா?" என்றார் சங்கரநாராயணன்.

"வேற யாரு கீறாங்க இங்க? எல்லாரையும்தான் வெளிய தள்ளிட்டீங்களே."

அவர் தலைமாட்டுக்கு வந்தார். எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. தங்கமாரிதான் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"எங்கப்பா எங்க?"

"வந்துருவார்மா. ஒரே ஒரு ஃபார்ம்தான்."

"எங்கப்பா செஞ்சாவல்லா, அதச் செய்யிங்க."

"என்ன செஞ்சார்?"

"காதுல."

டாக்டரின் விரல் முதுகெலும்பில் இடம் தேடிக்கொண்டிருந்தது. தங்கமாரியின் தோள் மறுபடி இறுக ஆரம்பித்தது.

"சீக்கிரம் சார்" என்றாள் மெர்சி. "குத்தப் போறாரு. துள்ளுனா மூணாவது."

சங்கரநாராயணன் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் யாருமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"ம்ம்ம்..."

சுருதி இல்லை. இரண்டு இடத்தில் உடைந்தது. மெர்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கமாரியின் மூச்சு முதலில் தனியாக ஓடியது. பிறகு நின்று கேட்டது. பிறகு கூடவே வந்தது. அவர் மூச்சை இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டாள். ஊசி இறங்கியது. அவள் அசையவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே போய் முடிய இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது.

டாக்டர் பஞ்சை வைத்து ஒட்டினார். "ஆச்சு சார். நீங்க போகலாம்."

விரலை அவள் விடவில்லை. வெளியே அண்ணாதுரை ஐந்தாவது 'ஏன்' கேட்கும் குரல் வந்தது. சங்கரநாராயணன் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, வெளியே கேட்காத அளவுக்கு, 'ம்ம்' போட்டுக்கொண்டே இருந்தார்.